முதலில் தபால் பெட்டி: ஜெர்மனியில் குடும்பத்தோடு குடியேறுவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், உங்கள் பெயர், இவ்வளவுதான் முகவரி. எட்டுக் குடும்பம் இருக்கும் கட்டடத்தில் தபால்காரர் எட்டுப் பெட்டிகளில் பெயரைத் தேடுவார். கடிதத்தில் உள்ள பெயர் பெட்டியில் இல்லையென்றால் அது அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். உதாரணத்துக்கு, கணவர் செந்தில் முருகேசன், மனைவி கவிதா சுந்தரம், மகள் ஆதிரை செந்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் கண்ணுக்கு இது மூன்று குடும்பம். பெட்டியில் ‘முருகேசன்’ என்று மட்டும் ஒட்டினால் கவிதாவின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் ஆதிரையின் வரி எண்ணும் வந்து சேராது. மூன்று பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். வீட்டு நிர்வாகம் அழகான பெயர்ப் பலகை செய்து தர இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை காகிதத்தில் எழுதி டேப் போட்டு ஒட்டினாலும் போதும். சாவி கையில் வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் ஊரிலேயே திருத்திக்கொண்டு வாருங்கள். இங்கே எல்லாப் படிவமும் இரண்டு பெயர் கேட்கும். காலியாக விட்டால் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதிக்கொள்ளும், பிறகு ஒன்றோடு ஒன்று பொருந்தாது. திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். மூலப் பிரதிகள் கைப்பையில் இருக்க வேண்டும், பயணப் பெட்டியில் போடக் கூடாது.

பதிவு வரிசை

இங்கே அலைச்சல் ஏற்படுவது பெரும்பாலும் வரிசை தப்புவதால்தான். ஒவ்வொரு காகிதமும் அதற்கு முந்தைய காகிதத்தைக் கேட்கும்.

1. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே வீட்டுக்காரரிடம் ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். ‘இவர்கள் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிவந்தார்கள்’ என்று அவர் எழுதித் தரும் ஒரு பக்கத் தாள் அது. ஒப்பந்தப் பிரதி அதற்கு ஈடாகாது. குடும்பத்தில் எல்லோர் பெயரும் அதில் இருக்க வேண்டும். கணவர் பெயர் மட்டும் எழுதித் தந்துவிட்டு, மனைவி, பிள்ளைகளுக்கு மறுபடி அலைய விடுவது அடிக்கடி நடக்கிறது.

2. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங். பெரிய நகரங்களில் அதற்குள் நேரம் கிடைக்காது. கவலை வேண்டாம், முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். ரத்தாகும் நேரங்கள் காலையில் இணையத்தில் திறக்கும், அப்போது பாருங்கள். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதினால் தேவாலய வரி சம்பளத்தில் பிடிக்கப்படும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் அது வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். அதை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து எழுதுங்கள். பிறகு விலக வேண்டுமானால் தனியாக ஓர் அலுவலகத்துக்குப் போய் எழுதித் தர வேண்டியிருக்கும்.

3. பதிவு முடிந்த சில வாரங்களில் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்குக் கூட, 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். இது வாழ்நாள் முழுக்க ஒரே எண். கடிதத்தைப் படம் எடுத்து வையுங்கள். கணவன் மனைவி இருவரும் இங்கே பதிவானால் வரி வகுப்பு, அதாவது மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான பிரிவு, 4/4 என்று தானாக அமையும். ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் வீட்டில் 3/5 (சம்பாதிப்பவருக்கு 3, துணைக்கு 5) கேட்டு வரி அலுவலகத்துக்கு எழுதினால் மாதம் கையில் வரும் தொகை கூடும். ஆண்டு முடிவில் கட்ட வேண்டிய மொத்த வரி இதனால் மாறாது. மாதப் பணப்புழக்கம்தான் மாறும். முதல் ஆண்டில் கட்டில், மெத்தை, சமையலறை என்று செலவு குவியும்போது அந்த வித்தியாசம் பெரிய உதவி.

4. மருத்துவக் காப்பீடு. அரசு சார்ந்த காப்பீட்டில் சேர்ந்தால், சம்பாதிக்காத துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா இல்லை. குடும்பக் காப்பீட்டுப் படிவத்தோடு திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் வைத்து அனுப்பினால் போதும். ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் (2026-இல் 77,400 யூரோ) தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். தனியாளாக வந்த இளைஞருக்கு அது மலிவாகத் தெரியும். அங்கே மனைவிக்கு ஒரு சந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சந்தா. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும், திரும்பி வருவது கடினம், 55 வயதுக்கு மேல் கிட்டத்தட்ட முடியாது. பிள்ளை குட்டியோடு வருபவர்கள் அரசு சார்ந்த காப்பீட்டையே எடுப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

5. கிண்டர்கெல்ட் எனும் பிள்ளைப் பணம். 2026 முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. வேலை அனுமதியோடு வந்த வெளிநாட்டுப் பெற்றோருக்கும் பொதுவாக உண்டு. இதைத் தரும் அலுவலகமான ஃபமீலியன்காஸ்ஸவுக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் வரி எண்ணும் பிள்ளையின் வரி எண்ணும் வேண்டும். தாமதித்தால் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதம்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள். அதற்கு முந்தைய பணம் போனது போனதுதான்.

6. விசாவின் கடைசித் தேதிக்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். நேரில் போக நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். விசா முடிவதற்கு முன் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும் என்பதே முக்கியம். இடைக்காலச் சான்று தந்தால், ஊருக்குப் போகும் முன் அதில் எந்தப் பிரிவில் குறி இட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு 81, உட்பிரிவு 4 என்றால் போய்த் திரும்பலாம். உட்பிரிவு 3 என்றால் நாட்டுக்குள் திரும்பி வர அது உதவாது.

இதற்கிடையே வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லை என்று சொன்னாலும் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான். மனைவிக்குத் தனியாகக் கடிதம் வந்தால் கணவரின் பெயரில் உள்ள கட்டணக் கணக்கின் எண்ணை எழுதி அனுப்பிவிடுங்கள். கிழித்துப் போடாதீர்கள், வசூல் நோட்டீஸ் வரை போகும்.

வீடு எடுக்கும்போது

விளம்பரத்தில் ‘கால்ட்மீட்டே’ என்பது வெறும் வாடகை. ‘வார்ம்மீட்டே’ என்பதில் வெப்பமூட்டலும் தண்ணீரும் குப்பையும் சேரும். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. முன்பணம் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. மின்சாரத்துக்கு நிறுவனம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் விளக்கு எரியும், ஆனால் அது விலை கூடிய அடிப்படைத் திட்டம். இரண்டு வார அறிவிப்பில் அதிலிருந்து மாறிக்கொள்ளலாம்.

பல வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு குழாயும்தான். அடுப்பு, மேடை, தொட்டி எல்லாம் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பிள்ளையோடு வருபவர்கள் ‘ஐன்பவ்க்யூஷே’, அதாவது சமையலறை உள்ள வீடாகத் தேடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் சரி. அடுப்பு இன்டக்ஷனா, சாதாரணக் கண்ணாடி அடுப்பா என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கட்டுங்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் அலுமினியக் குக்கரும் இட்லிச் சட்டியும் இன்டக்ஷனில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அடி வளைந்த கடாய் இரண்டு அடுப்புக்கும் ஆகாது. மிக்ஸி, கிரைண்டர் கவலையில்லை, இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மாற்றி மட்டும் வேண்டும்.

சாவி வாங்கும் நாளில் எல்லாச் சுவரையும், ஜன்னல் ஓரத்தையும், குளியலறை மூலையையும், மீட்டர் எண்களையும் படம் எடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தைக் காப்பாற்றுவது அந்தப் படங்கள்தான்.

ஈரம், பூஞ்சை, தமிழ்ச் சமையல்

தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்காரரோடு மனக்கசப்பு அடைவதற்குப் பெரிய காரணம் சுவரில் பூக்கும் கரும்பூஞ்சை. காரணம் புரிந்தால் தடுப்பது எளிது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நம் சமையல் ஆவிச் சமையல். இட்லிப் பானை இருபது நிமிடம், குக்கர் நாலு விசில், ரசம் கொதி, சோறு வடிப்பு. இதோடு குளியல், வீட்டுக்குள் உலரும் துணி. இந்த ஈரம் எல்லாம் காற்றில் நிற்கிறது. ஊரில் ஜன்னல் திறந்தே கிடக்கும், போய்விடும். இங்கே ஜன்னல்களில் ரப்பர் பட்டை வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். அதே காற்று குளிர்ந்த வெளிச்சுவரின் மூலையைத் தொட்டதும் ஈரத்தைக் கக்கிவிடும், குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்து கோர்ப்பதுபோல. அந்த ஈரம் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து, கடுங்குளிரில் ஐந்து நிமிடம், மற்ற நாளில் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். ‘ஷ்டோஸ்லுஃப்டன்’ என்று இதற்குப் பெயர். பல வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். ஜன்னலைச் சாய்வாகக் கொஞ்சம் திறந்து நாள் முழுக்க விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஈரம் சரியாக வெளியேறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும்.

இட்லி வேகும்போது சமையலறைக் கதவை மூடிவையுங்கள், முடிந்தவுடன் ஜன்னலை முழுதாகத் திறங்கள். அடுப்புக்கு மேல் உள்ள விசிறியை நம்பிவிடாதீர்கள். வெளியே குழாய் போகாத வகை என்றால் அது எண்ணெயையும் வாசனையையும் வடிகட்டிவிட்டு ஈரக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும். பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். ஆளில்லாத அறையிலும் வெப்பமூட்டியை முழுதாக அணைக்காதீர்கள். வெப்பமூட்டித் திருகில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி, படுக்கையறைக்கு 2-க்கும் 3-க்கும் நடுவே போதும். 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, நீண்ட நேரம் எரிந்து பில்தான் ஏறும்.

இவ்வளவு செய்தும் பூஞ்சை வந்தால் கட்டடத்தில் குறை இருக்கலாம். தேதியோடு படம், ஈரப்பதமானியின் அளவு, இரண்டையும் வைத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களே வெள்ளை அடித்து மறைத்தால் பிறகு பழி உங்கள் தலையில்.

படுக்கையறை, பிள்ளைகள் அறை, நடைவழி ஆகியவற்றில் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மிளகாய் கருகினாலோ சாம்பிராணி போட்டாலோ அது அலறும். சாம்பிராணியை ஜன்னலைத் திறந்துவைத்து, சமையலறையிலேயே, கொஞ்சமாகப் போடுங்கள். கருவியைக் கழற்றி மேசை டிராயரில் போடும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் தூங்கும் வீடு அது.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறும் பொது விடுமுறையும் நாள் முழுக்க. பிள்ளைகள் அழுவதையும் விளையாடுவதையும் சட்டமே பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. கிரைண்டருக்கு அந்தச் சலுகை இல்லை. மாவை சனிக்கிழமைப் பகலில் அரையுங்கள், அடியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு விற்கும் ரப்பர் விரிப்பைப் போட்டால் அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்காது. தேங்காயைத் தரையில் உடைக்காதீர்கள். கையில் பிடித்துக் கத்தியின் முதுகால் தட்டுங்கள்.

குளிர்காலத்தில் மாவு புளிக்க

நவம்பர் முதல் மார்ச் வரை சமையலறை 18, 19 டிகிரிதான் இருக்கும். மாவு இரண்டு நாள் ஆனாலும் அசையாது. இட்லி அரிசி 4 கப், தோல் நீக்கிய முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 தேக்கரண்டி. வெதுவெதுப்பான நீரில் ஆறு மணி நேரம் ஊறட்டும். உளுந்தைத் தனியாக அரைத்து, அரிசி மாவோடு உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். அவனை (கேக் சுடும் மின்னடுப்பு) இயக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு அதில் 10 முதல் 14 மணி நேரம் வையுங்கள். கீழே ஒரு தட்டு இருக்கட்டும், பொங்கினால் அவனைத் தேய்க்கும் வேலை மிச்சம். கதவை மூடினால் விளக்கு அணைந்துவிடும் வகை அவன் என்றால், 40 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி அணைத்துவிட்டு உள்ளே வையுங்கள். 50 டிகிரியைத் தொட்டால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், மாவு அப்படியே கல்லாக நிற்கும். அவனில் மாவு இருக்கிறது என்று கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வேறு யாராவது கேக் செய்ய அவனைப் போட்டுவிடுவது நடக்கிற காரியம்.

தயிருக்கு உறை, கடையில் கிடைக்கும் 3.5 சதவீதக் கொழுப்புள்ள இயற்கைத் தயிர். அதே அவன் விளக்கு போதும்.

கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து நிலைகொண்டவர்கள் கட்டிய கடைகள் அவை. அங்கே காய்கறி என்பது ‘மரக்கறி’, மாவு என்பது ‘மா’. கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். நல்ல பிள்ளை மருத்துவர் யார், வார இறுதித் தமிழ்ப் பள்ளி எங்கே நடக்கிறது, எந்தக் கோயிலில் எப்போது திருவிழா என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் உழைப்பே.

ஊரிலிருந்து வரும்போது பால்கோவா, நெய், பனீர், இறைச்சி போன்றவற்றில் கவனம் தேவை. இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. புதிய கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். மசாலாப் பொடி, பருப்புப் பொடி, எண்ணெய் ஊறுகாய் எல்லாம் தாராளமாக வரலாம்.

கீட்டா: பிள்ளையைப் பழக்கும் வாரங்கள்

ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குக் கீட்டா எனும் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் இடம் கேட்க 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை உண்டு. உரிமை இருக்கிறது, இடம் இல்லை என்பதுதான் நிலைமை. வீட்டு முகவரி உறுதியான வாரமே நகரத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து, அக்கம்பக்கத்துக் கீட்டாக்களுக்கு நேரிலும் போய்க் கேளுங்கள். பெர்லினில் பராமரிப்புக் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோதான். மற்ற இடங்களில் மாநிலத்தையும் நகரத்தையும் பொறுத்து மாறும். தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் 2020 மார்ச் முதல் எந்தக் கீட்டாவும் பிள்ளையைச் சேர்க்காது. ஒரு வயது முதல் ஓர் ஊசி, இரண்டு வயது முதல் இரண்டு. ஊர்த் தடுப்பூசி அட்டையில் தேதியும் ஊசியின் பெயரும் தெளிவாக இல்லையென்றால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

ஊரில் பிள்ளையை முதல் நாளே அழ அழ விட்டுவிட்டு வந்துவிடுவோம். இங்கே ‘ஐன்கெவோனுங்’ என்று பழக்கும் காலம் உண்டு. பரவலான முறை இது: முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு ஒரு மணி நேரம் அறையில் உட்கார்ந்திருப்பார்கள், பிரிவு கிடையாது. நீங்கள் விளையாட்டுக் காட்டக் கூடாது. மூலையில் சும்மா உட்கார வேண்டும், பிள்ளை வந்தால் மடி கொடுக்க வேண்டும், அவ்வளவே. நான்காம் நாள் சொல்லிவிட்டு வெளியே போவீர்கள், அதிகம் போனால் அரை மணி நேரம். ஆசிரியர் தேற்றினால் பிள்ளை தேறுகிறதா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த நாள் நேரத்தை நீட்டுவார்கள். தேறாவிட்டால் சில நாள் கழித்து மறுபடி. ஆக, வேலையில் சேரும் தேதியை கீட்டா தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் தள்ளி வையுங்கள்.

பிள்ளை அசந்த நேரம் பார்த்து நழுவிவிடாதீர்கள். போகிறேன் என்று சொல்லி, கையசைத்து, போங்கள். அழுதாலும் அதுவே நல்லது. சொல்லாமல் நீங்கள் போய்விட்டால் பிள்ளைக்கு மறுநாள் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே பயம் வந்துவிடும்.

உங்கள் பிள்ளைக்கு ஜெர்மன் தெரியாது, ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. ஒரு தாளில் பத்துச் சொற்களை ஜெர்மன் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: தண்ணி, பசி, மூச்சா, கக்கா, வலி, தூக்கம், அம்மா வருவாங்க, போதும், வேணும், வேண்டாம். எதிரே ஜெர்மன் பொருள். முதல் மாதத்தில் இந்தத் தாள் செய்யும் வேலையை வேறெதுவும் செய்யாது.

கொடுத்தனுப்ப வேண்டியவை: சேற்றுக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், உள்ளே போட ஒரு காலணி, இரண்டு செட் மாற்றுத்துணி, ரொட்டிப் பெட்டி. எல்லாவற்றிலும் பெயர். மழையிலும் வெளியே விடுவார்கள், அதற்குச் சண்டைக்குப் போக வேண்டாம். சைவம் என்றால் ‘இறைச்சி வேண்டாம்’ என்பது போதாது. மீன் வேண்டாம், முட்டை கூடுமா கூடாதா, ஜெலட்டின் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். பிறந்த நாளுக்குக் கைநிறையக் கிடைக்கும் கரடி மிட்டாயில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின்தான்.

வீட்டில் தமிழில் பேசுங்கள். கீட்டாவில் சீக்கிரம் ஒட்ட வேண்டும் என்று உடைந்த ஜெர்மனில் பிள்ளையோடு பேசினால், அது கற்பது உங்கள் பிழைகளைத்தான். ஜெர்மனைக் கீட்டா பார்த்துக்கொள்ளும். தமிழைப் பார்த்துக்கொள்ள வீட்டை விட்டால் ஆளில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல்

முதல் குளிர்காலத்தில் மாதம் இருமுறை கூடச் சளியும் காய்ச்சலும் வரும். புதிய கிருமிகள், பழகாத உடம்பு. இது வழக்கம்தான். காய்ச்சல் விட்டு 24 மணி நேரம், வாந்தியோ வயிற்றுப்போக்கோ நின்று 48 மணி நேரம் ஆகாமல் பல கீட்டாக்கள் சேர்த்துக்கொள்ளா.

நோய் வருவதற்கு முன்பே பிள்ளை மருத்துவரைப் பிடித்துவையுங்கள். பல இடங்களில் புதிய பிள்ளைகளை எடுப்பதில்லை, அதனால் ஐந்தாறு இடம் கேட்க வேண்டிவரும். அங்கே மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று தருவார்கள், வயதுவாரியான பரிசோதனைகள் அதில் பதிவாகும். சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுத மாட்டார்கள். ஓய்வு, நீர், காய்ச்சல் சிரப் என்று அனுப்பிவிடுவார்கள். கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரவிலும் வார இறுதியிலும் 116117-ஐ அழையுங்கள். உயிர் ஆபத்துக்கு 112. இந்த இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள், கூடவே உங்கள் முகவரியை ஜெர்மனில் படிக்கும்படி. பதற்றத்தில் தெருப் பெயர் வாயில் வராது.

அரசு சார்ந்த காப்பீட்டில் இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 2026-இல் ஆண்டில் 15 வேலை நாள், பிள்ளை நோய் விடுப்பு உண்டு. சம்பளத்துக்குப் பதில் காப்பீடு பணம் தரும். முதல் நாளிலிருந்தே மருத்துவர் சான்று வேண்டும். அம்மாவே எடுக்க வேண்டும் என்பதில்லை, அப்பாவுக்கும் அதே 15 நாள்.

பள்ளி, ஊர்ப் பயணம், வீட்டில் இருப்பவர்

பள்ளி நாள்களில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போக முடியாது. கல்யாணமோ பொங்கலோ எதுவானாலும் பள்ளியிடம் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே மலிவு டிக்கெட்டில் கிளம்பினால் அபராதம் விழும். ஆறு வயது நெருங்கும் பிள்ளைக்கு இது பொருந்தத் தொடங்கும் ஆண்டை மாநில விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி வந்தால் 180 நாளில் 90 நாள் தங்கலாம், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயணக் காப்பீடு வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் உதவா. மூன்று மாத மாத்திரையும் மருத்துவர் சீட்டும் கையோடு வரட்டும்.

ஊரோடு பேச மாலை ஒத்துவராது. குளிர்காலத்தில் இந்தியா நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை மணி. இங்கே இரவு ஏழு என்றால் அங்கே பதினொன்றரை. காலைச் சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்திவையுங்கள். பிள்ளை ரொட்டி தின்னும் பத்து நிமிடத்தில் பாட்டி அங்கே மதியச் சமையலில் இருப்பார், இருவருக்கும் பேச்சு தானாக வரும்.

கடைசியாக, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் துணையைப் பற்றி. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். கணவர் அலுவலகம், பிள்ளை கீட்டா, வீட்டில் ஒருவர் தனியே. இரண்டாவது குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். முதல் மாதமே மொழி வகுப்பில் பெயர் கொடுங்கள். நகர மக்கள் கல்லூரியான ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயில் காலை வகுப்பு கிடைக்கும். ஒருங்கிணைப்பு வகுப்பு என்றால் வழக்கமாக 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டைப் பற்றிய பாடம். நூலக அட்டை எடுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ‘க்ரபல்க்ரூப்பே’ என்ற தவழும் பிள்ளைகள் கூட்டம் அக்கம்பக்கத்தில் நடக்கும், மொழி தெரியாமலும் போய் உட்காரலாம். வங்கிக் கணக்கில் இருவர் பெயரும், வாடகை ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். தபால் பெட்டியின் இரண்டாவது சாவியும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.